கயிற்றின் மறுமுனையில் யார்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், அரண்மனைகளில் வளர்ந்து ஓவியங்களில் இடம்பிடித்த பிராணிகளைப் பற்றி எழுதியிருந்தேன். 'ராஜாவை விட்டுவிட்டு முதலில் பிராணியைப் பாருங்கள். அப்புறம் அதன் கயிற்றைப் பிடித்திருப்பவரைப் பாருங்கள்' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் 31 வருடம் மாட்டாஸ்பத்திரி டாக்டராக இருந்தவள். அப்பா பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். பிராணியைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது வேலை.

ராஜாக்கள் பிராணிகளை வளர்த்தது பாசத்தாலா, பகட்டுக்காகவா?
– வாசகர், திருநெல்வேலி

இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்ததற்கு முகலாய மன்னர் ஜஹாங்கீரைச் சொல்லலாம். 1605 முதல் 1627 வரை ஆண்டவர். தன் நினைவுக் குறிப்புகளைத் தானே எழுதியவர். அதில் போரும் வரியும் எவ்வளவு வருகிறதோ, பறவையும் மிருகமும் அவ்வளவு வருகின்றன.

அவரிடம் ஒரு ஜோடி சாரஸ் கொக்கு இருந்தது. ஒரு மாதக் குஞ்சாக எடுத்து வளர்த்து, லைலா, மஜ்னூன் என்று பெயர் வைத்திருந்தார். அவை இணை சேர்ந்ததையும் முட்டையிட்டதையும் ஒன்றுவிடாமல் எழுதுகிறார். இரவு முழுக்கப் பெட்டை அடைகாக்கும், ஆண் பக்கத்தில் நின்று காவல் காக்கும். விடிந்ததும் ஆண் வந்து அலகால் பெட்டையின் முதுகைத் தொடும். அது எழுந்துகொள்ளும், இது உட்காரும். ஒருமுறை கீரி போன்ற ஒரு பிராணி பக்கத்தில் வந்தது. மஜ்னூன் அதை விரட்டிக்கொண்டே ஓடி, அது பொந்துக்குள் புகுந்த பிறகுதான் நின்றதாம். இதை எழுத வேண்டுமென்றால் பொழுது விடியும்போது அந்தக் கூட்டருகே யாராவது கண்விழித்து இருந்திருக்க வேண்டும். கோழி அடை வைத்துப் பழகிய நம் பாட்டிமார்களுக்கு இந்தப் பொறுமை தெரியும். ஒரு பாதுஷாவிடம் அதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

யானைகள் குளிர்காலத்தில் தண்ணீரை மேலே பீய்ச்சிக்கொள்ளும்போது நடுங்குவதை அவர் கவனித்தார். இனி குளிர்காலத்தில் யானைகளுக்குத் தண்ணீரை இளஞ்சூடாக்கிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவ்வளவு பெரிய உடம்பில் நடுக்கம் சட்டென்று கண்ணில் படாது. மார்கழி விடியலில் யானையைக் குளிப்பாட்டும் இடங்களில் நான் நின்றிருக்கிறேன். கிட்டப்போய்த் தோலைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தெரியும்.

லாகூருக்குப் பக்கத்தில் ஷேக்குபுரா என்ற ஊர், இப்போது பாகிஸ்தானில். அங்கே மன்சராஜ் என்ற தன் மான் இறந்தபோது அதற்குக் கல்லறை கட்டினார், மேலே மான் உருவத்தில் ஒரு கல் வைத்தார், கல்வெட்டும் பொறிக்கச் சொன்னார். அந்த வட்டாரத்தில் இனி யாரும் மான் வேட்டையாடக் கூடாது என்றும் தடை விதித்தார். 'ஹிரன் மினார்' என்ற கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது.

இதே ஜஹாங்கீர்தான், சிறுவயதிலிருந்து தன் ஆட்சியின் பதினோராம் ஆண்டு வரை தன் முன்னிலையில் வேட்டையாடப்பட்டவை 28,532 என்றும், அதில் 17,167 தன் கையால் விழுந்தவை என்றும் கணக்கு எழுதிவைத்தவர். ஒருமுறை நீல்காய் என்ற பெரிய மான் ஒன்றைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். குதிரைக்காரர் ஒருவரும் பல்லக்குத் தூக்கிகள் இருவரும் தெரியாமல் குறுக்கே வந்தார்கள். நீல்காய் தப்பி ஓடிவிட்டது. குதிரைக்காரரை அங்கேயே கொல்லச் சொன்னார். மற்ற இருவருக்கும் கால் நரம்பை அறுக்கச் சொன்னார். இதையும் அவரே எழுதியிருக்கிறார்.

பாசம் உண்மைதான், ஐயா. ஆனால் அது அவர் பெயர் வைத்து வளர்த்தவற்றோடு நின்றுவிட்டது. குறிப்பில் மன்சராஜுக்குப் பெயர் இருக்கிறது. அந்தக் குதிரைக்காரருக்கு இல்லை.

ஜஹாங்கீரின் ஓவியர் மன்சூர் வரைந்த வரிக்குதிரையைப் பார்த்தேன். கழுதைக்குக் கோடு போட்டதுபோல இருக்கிறதே?
– வாசகி, கும்பகோணம்

அந்தச் சந்தேகம் அன்று அரசவைக்கே வந்தது, அம்மா! 1621-இல் மீர் ஜாஃபர் என்பவர் மூலம் அபிசீனியாவிலிருந்து அந்த வரிக்குதிரை வந்து சேர்ந்தது. யாரோ சாயம் பூசிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றே பலர் நினைத்தார்கள். சோதித்துப் பார்த்த பிறகுதான் பிறவி நிறம் என்று தெரிந்தது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை, காதிலிருந்து குளம்பு வரை, அந்தந்த இடத்துக்குத் தக்கபடி பெரிதும் சிறிதுமாகக் கோடுகள் என்று ஜஹாங்கீர் எழுதுகிறார். 'அந்தந்த இடத்துக்குத் தக்கபடி' என்ற சொல்லை அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். தொடையில் கோடு அகலம், முகத்தில் மெல்லிசு, காலில் வளையம் வளையம். மன்சூர் அதைப் பிசகாமல் வரைந்திருக்கிறார். 'இந்தக் காலத்தின் அதிசயம்' என்ற பட்டம் பெற்றவர் அவர். ஓவியத்தின் ஓரத்தில் ஜஹாங்கீர் தன் கையெழுத்திலேயே விவரம் எழுதியிருக்கிறார். ஓவியம் இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. பிராணியோ ஈரானின் ஷா அப்பாஸுக்குப் பரிசாக அனுப்பப்பட்டுவிட்டது. ஆப்பிரிக்காவில் பிறந்து, கடல் தாண்டி இந்தியா வந்து, மறுபடி ஈரானுக்கு ஒரு பயணம். வழியெல்லாம் அதற்குப் புல் தேடியவர் யாரோ ஒருவர்.

இதோடு சேர்த்துப் பார்க்க இன்னொரு வரிக்குதிரை இருக்கிறது. இங்கிலாந்து ராணி ஷார்லட்டுக்கு 1762-இல் வந்தது. ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1763-இல் அதை வரைந்தார். பின்னால் இங்கிலாந்துக் காடு, முன்னால் தென்னாப்பிரிக்காவின் கோடுகள். கழுத்துக்கு அடியில் நம் காளைக்கு இருப்பதுபோலச் சின்ன அலைதாடி, பின்புறத்தில் கம்பி வலைபோலக் குறுக்குக் கோடுகள். இரண்டையும் ஸ்டப்ஸ் விடாமல் வரைந்ததால்தான், அது கேப் மலை வரிக்குதிரை என்று இன்றைக்கும் நம்மால் இனம் சொல்ல முடிகிறது.

ஸ்டப்ஸ் மேல் எனக்கு இருக்கும் மரியாதையை மறைக்க மாட்டேன். லிங்கன்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் 18 மாதம் தங்கி, இறந்த குதிரைகளைக் கட்டித் தொங்கவிட்டு, தோல், தசை, நரம்பு, எலும்பு என்று அடுக்கடுக்காக அறுத்து வரைந்தவர். 1766-இல் அது புத்தகமாக வந்தது. பிணம் அழுகாமல் வைக்கும் ஃபார்மலின் இல்லாத காலம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு வகுப்பின் வாடையைச் சுவாசித்தவர்களுக்கு, ஃபார்மலின் இல்லாமல் 18 மாதம் என்றால் என்னவென்று விளங்கும்.

லியொனார்டோ டா வின்சியின் பெண்மணி கையில் வைத்திருப்பது எலியா, கீரியா?
– வாசகர், வேலூர்

இரண்டும் இல்லை. எர்மின் என்ற, மரநாய்க்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பிராணி, குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும். அந்தப் பெண் செசிலியா கல்லெரானி. அவரை விரும்பிய மிலான் அதிபதி லுதோவிகோ ஸ்ஃபோர்ஸா 1488-இல் 'எர்மின்' என்ற பெயருள்ள வீர விருதைப் பெற்றவர், ஆக அதில் அவரைக் குறிக்கும் அடையாளமும் இருக்கிறது. உண்மையான எர்மின் இதைவிட ரொம்பச் சின்னது. முன்னங்கால் தசையைப் பாருங்கள், பெரிய பிராணி ஒன்றைப் பார்த்து வரைந்த தசை.

நம் ஊர்ப் பக்கத்திலிருந்து போன பிராணி ஏதாவது ஐரோப்பிய அரசவை ஓவியத்தில் இருக்கிறதா?
– வாசகர், சென்னை மயிலாப்பூர்

இருக்கிறது, அதுவும் ஸ்டப்ஸ் கையாலேயே. மதராஸ் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட் ஊர் திரும்பியபோது ஒரு சிவிங்கிப்புலியை (சீட்டா) கொண்டுபோய் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் கொடுத்தார். கூடவே அதைப் பழக்கும் இந்தியர்களும் போனார்கள். 1764 ஜூன் 30 அன்று வின்ட்சரில், வலைகட்டி அடைத்த இடத்தில் ஒரு பெரிய கலைமானின் மேல் அதை ஏவிவிட்டார்கள். கலைமான் கொம்பால் தள்ளி விரட்டிவிட்டது. சிவிங்கிப்புலி அடைப்பைத் தாண்டி ஓடி, வேறொரு சின்ன மானைப் பிடித்துக்கொண்டது.

அதைக் கோழை என்று சொல்வது நியாயமில்லை. திறந்த வெளியில் ஓடும் வெளிமானைத் துரத்திப் பிடிக்கப் பிறந்த உடம்பு அது. வெளிமான் முப்பது நாற்பது கிலோ இருக்கும். ஐரோப்பியக் கலைமான் அதைப்போல நாலைந்து மடங்கு. ஓட இடமில்லாத ஒரு மூலையில் அதை எதிர்த்து நிற்கச் சொன்னால் எந்தச் சிவிங்கிப்புலியும் விலகத்தான் செய்யும். அது சரியாகவே முடிவெடுத்தது.

ஓவியம் மான்செஸ்டர் ஆர்ட் கேலரியில் இருக்கிறது. சிவிங்கிப்புலியின் தலையில் சிவப்புத் துணி முக்காடு. அதைப் பின்னுக்குத் தள்ளியாயிற்று. வெள்ளை உடையும் தலைப்பாகையுமாக இரண்டு பேர். ஒருவர் அதன் இடுப்புக் கச்சையைப் பிடித்திருக்கிறார், இன்னொருவர் மானைக் கைகாட்டுகிறார். பிடித்திருப்பவர் நிற்கும் விதத்தைப் பாருங்கள். பலத்தைக் காட்டி அடக்குகிறவர் உடம்பு அப்படி இருக்காது. ஜல்லிக்கட்டுக் காளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுவரும் பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன்; கயிறு தளர்வாக இருக்கும், கை மட்டும் உடம்பின் மேலேயே இருக்கும். அந்த ஒரு கையை வரைந்ததற்காகவே ஸ்டப்ஸை எனக்குப் பிடிக்கும். ஓவியத்தின் தலைப்பில் அவர்கள் வெறும் 'இரண்டு இந்தியப் பணியாளர்கள்'.

ஒரு துக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்பரிடம் ஆயிரம் சிவிங்கிப்புலிகள் இருந்தன. அவை குட்டி போட வேண்டும் என்று அவர் எவ்வளவோ முயன்றார். ஒரே ஒருமுறை, ஆண் ஒன்று கழுத்துப்பட்டையிலிருந்து நழுவிப் பெட்டையிடம் போனதில் மூன்று குட்டிகள் பிறந்ததாக ஜஹாங்கீர் எழுதுகிறார். அப்படியென்றால் அரண்மனையில் இருந்த அத்தனையும் காட்டில் பிடித்துக் கொண்டுவந்தவை. ஒவ்வொன்றும் செத்த பிறகு அந்த இடத்துக்கு மறுபடி காட்டிலிருந்தே வந்திருக்க வேண்டும். 1952-இல் சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். 2022-இல் நமீபியாவிலிருந்து கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட்டிருக்கிறோம்.

டியூரர் காண்டாமிருகத்தைப் பார்க்காமலே வரைந்தாராமே?
– மாணவி, நாகர்கோவில்

ஆமாம் கண்ணு. குஜராத் சுல்தான் இரண்டாம் முசாஃபர் ஷா கொடுத்த காண்டாமிருகம் அது. 1515 மே 20 அன்று லிஸ்பனில் இறங்கியது. போர்ச்சுகல் மன்னர் மனுவேல் அதை ஒரு யானையோடு மோதவிட்டார், யானை ஓடிவிட்டது. ஜெர்மனியில் இருந்த ஓவியர் டியூரர், கடிதத்தில் வந்த விவரத்தையும் ஒரு கோட்டுப் படத்தையும் வைத்து அதை மர அச்சுப் படமாக்கினார். தோளுக்கு மேலே ஒரு சின்னக் கொம்பு முளைத்திருக்கும், பார்த்தாயா? அது இல்லாத கொம்பு. மடிப்புத் தோலும் இரும்புக் கவசமாகிவிட்டது. ஆனாலும் அதன் கண் என்னவோ நிஜமாகத்தான் இருக்கிறது.

அதைப் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பினார்கள். 1516 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கப்பல் மூழ்கியது. காண்டாமிருகம் நன்றாக நீந்தும். ஆனால் காலில் சங்கிலி.

அந்தப் பழைய ஓவியங்களில் வரும் ராஜா வீட்டு நாய் – கிங் சார்லஸ் ஸ்பானியல் – ஒன்று வாங்க ஆசை. மதுரை வெயிலுக்குத் தாங்குமா?
– வாசகி, மதுரை

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், அம்மா. பணம் கொடுக்கும் முன் பொறுமையாகப் படியுங்கள்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் ஐந்து குழந்தைகளை ஓவியர் வான் டைக் 1637-இல் வரைந்தார். நடுவில் ஒரு பெரிய மாஸ்டிஃப் நாய். ஏழு வயது இளவரசன் அதன் தலைமேல் கை வைத்திருக்கிறான். ஓரத்தில் ஒரு சின்ன ஸ்பானியல். அந்தப் பையன்தான் பின்னால் இரண்டாம் சார்லஸ் ஆனான். மந்திரி சபையில் வேலையைக் கவனிக்காமல் நாயோடு விளையாடிக்கொண்டிருந்தார் என்று சாமுவேல் பெப்பீஸ் நாட்குறிப்பில் எழுதிவைத்தது இவரைத்தான். அதனால் அந்த நாய்க்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஓவியத்தில் உள்ள ஸ்பானியலுக்கு மூக்கு நீளம். அடுத்த இருநூறு சொச்சம் வருடத்தில் ஆட்கள் இனம் சேர்த்துச் சேர்த்து அந்த மூக்கை உள்ளே தள்ளி, முகத்தைத் தட்டையாக்கிவிட்டார்கள். 1926-இல் ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், பழைய ஓவியங்களில் இருப்பதுபோல நீண்ட மூக்குள்ள நாயைக் கொண்டுவருபவருக்கு 25 பவுன் பரிசு என்று அறிவித்தார். ஓவியத்தைப் பார்த்து நாயைத் திரும்ப உண்டாக்கினார்கள்! இன்று 'கவலியர்' என்று விற்கும் இனம் அப்படி வந்தது.

ஆனால் தொடங்கியது மிகச் சில நாய்களை வைத்து. உறவுக்குள்ளேயே சேர்த்ததன் விலையை அந்த நாய்கள் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. இதய வால்வு நோய் இந்த இனத்தில் மிகச் சாதாரணம், இளவயதிலேயே வரும். இன்னொன்று, மூளை அளவுக்கு மண்டையோடு இடம் கொடுக்காமல் தண்டுவடத்தில் நீர் கட்டிக்கொள்ளும் நோய். அந்த நாய் காற்றில் கழுத்தைச் சொறிவதுபோலக் காலை ஆட்டிக்கொண்டே இருக்கும். கால் கழுத்தில் படாது. விளையாடுகிறது என்று நினைத்து வீட்டில் சிரிப்பார்கள். அது வலி. என் பணியின் கடைசி வருடங்களில் அப்படி ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு சிறுமி வந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதலில் அந்த நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

இத்தனைக்கும் மேல் மதுரைச் சித்திரை வெயில். வாங்காதீர்கள், அம்மா. ஓவியத்தின் பிரதி ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டுங்கள். தெருவில் பிறந்த ஒரு குட்டியை எடுத்து, தடுப்பூசி போட்டு, அதற்கு ராஜா பெயரே வையுங்கள்.

விக்டோரியா ராணியிடம் 'லூட்டி' என்று ஒரு நாய் இருந்ததாமே? தமிழ்ப் பெயரா?
– வாசகர், கரூர்

நம் லூட்டி குறும்பு. அந்த 'லூட்டி' கொள்ளை. இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன 'லூட்' என்ற சொல். 1860-இல் ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் பீஜிங் கோடை அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துக்கொண்டு வந்த பீக்கிங்கீஸ் நாய் அது. கெய்ல் என்ற ஓவியர் 1861-இல் வரைந்தார். பதினோரு வருடம் கழித்து, 1872-இல் இங்கிலாந்திலேயே செத்தது. கொள்ளைப் பொருள் என்ற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது வாலாட்டிக்கொண்டு வந்திருக்கும். எனக்கு அந்த ஓவியத்தைப் பார்க்கவே மனசு கேட்பதில்லை.

உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரே ஓவியம் எது?
– வாசகி, காரைக்குடி

வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மகள் அங்கே வேலையில் இருந்தபோது நேரில் பார்த்தேன். ஸ்பெயின் அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ் 1659-இல் வரைந்த இளவரசன் ஃபெலிபே புரோஸ்பெரோ. இரண்டு வயதுக்குக் கொஞ்சம் குறைவு. சிவப்பு அங்கி, மேலே வெள்ளை ஏப்ரன். அதன் மேல் நூலில் கோத்துத் தொங்கும் மணியும் தாயத்துகளும். எனக்கு அந்த இடத்திலேயே தொண்டை அடைத்துவிட்டது. கண்ணேறு படாமல் இருக்க நம் குழந்தைக்கு இடுப்பில் எதை எதைக் கட்டுகிறோமோ, அதையே ஸ்பெயின் ராஜா வீட்டிலும் கட்டியிருக்கிறார்கள். பிறந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பறிகொடுத்த வீடு அது.

குழந்தையின் கை ஒரு சின்ன நாற்காலியின் மேல். அந்த நாற்காலியில் ஒரு குட்டி நாய், கைப்பிடியில் முகவாயை வைத்துக்கொண்டு நம்மைப் பார்க்கிறது. வெலாஸ்கெஸ் தன் செல்ல நாயையே இங்கே வரைந்தார் என்று பழைய வரலாற்றாசிரியர் பாலோமினோ எழுதியிருக்கிறார். அதை நம்பலாம், நாயின் முகத்தில் சில தூரிகைத் தீற்றல்கள்தான் இருக்கின்றன, தினமும் பார்த்த முகத்தை மட்டுமே அவ்வளவு குறைவாக வரைய முடியும். மறுவருடம் வெலாஸ்கெஸ் இறந்தார். அதற்கு அடுத்த வருடம், நாலு வயது நிரம்பும் முன்னே, இளவரசனும். அன்று அந்தக் கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் பார்த்தேன். மகள் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தாள்.

பள்ளி ஓவியப் போட்டிக்கு நீங்கள் சொன்ன ராஜா வீட்டு மிருகங்களில் எதை வரையட்டும், டாக்டர் பாட்டி? ஆறாம் வகுப்பு படிக்கிறேன்.
– மாணவன், பட்டுக்கோட்டை

தம்பி, உங்கள் வீட்டில் ஆடு இருக்கிறது என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறாயே, அதையே வரை. பென்சிலை எடுக்கும் முன் பத்து நிமிஷம் சும்மா பக்கத்தில் உட்கார். அதன் கண்மணி வட்டமா, படுக்கைவாட்டமா? அசைபோடும்போது தாடை எந்தப் பக்கம் போகிறது? சத்தம் கேட்டால் இரண்டு காதும் ஒன்றாகத் திரும்புகிறதா, ஒவ்வொன்றாகவா? இவ்வளவும் தெரிந்த பிறகு வரை. கயிற்றையும் வரை, அதைப் பிடித்திருக்கும் கையையும் வரை.

படத்தின் பின்பக்கம் ஆட்டின் பெயரை எழுது. அதற்குத் தினமும் தழை ஒடித்துப் போடுவது உங்கள் வீட்டில் யாரோ, அவர் பெயரையும் முழுசாக எழுதி எனக்கு ஒரு பிரதி அனுப்பு.